ஏலத்தில் எடுத்த மிலிட்டரி லாரிக்குப் புது பேட்டரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணுவம் கழித்துவிடும் லாரிகளை மத்திய அரசு நிறுவனமான எம்எஸ்டிசியின் இணைய ஏலத்தில் எடுத்து, கன்னியாகுமரி மாவட்டத்து டிஎன் 74 அல்லது டிஎன் 75 எண் வாங்கி, குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கத்து எஸ்டேட் பாதைகளிலோ கடற்கரை வேலைகளிலோ ஓட்டுகிறவர்கள் முதலில் பணம் போடுவது பேட்டரிக்குத்தான். ஒரு வருடம் கழித்து மறுபடியும் அதே பேட்டரிக்கே பணம் போடுகிறவர்களும் உண்டு. காரணம் பெரும்பாலும் பேட்டரியில் இல்லை, வண்டியில் இருக்கிறது. அதனால் எந்த கம்பெனி நல்லது என்ற கேள்விக்கு முன்னால் வண்டியில் சில அளவுகள் எடுத்தாக வேண்டும். கீழே உள்ள பதில்கள் அந்த வரிசையில்தான் போகின்றன.

என் வண்டி 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா? எப்படி உறுதி செய்வது?

அசோக் லேலண்ட் ஸ்டாலியன் 24 வோல்ட் வண்டி. 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராகக் கோர்த்து 24 ஆக்கியிருப்பார்கள். வேறு எந்த வண்டியானாலும் யாராவது சொன்னதை நம்பாமல் செல்ஃப் மோட்டாரிலும் ஆல்டர்நேட்டரிலும் உள்ள தகட்டைத் துடைத்துப் படியுங்கள். இரண்டிலும் ஒரே வோல்ட் இருக்க வேண்டும். ஏலத்துக்கு வரும் முன்போ பின்போ எவராவது செல்ஃப் மோட்டாரை மாற்றியிருக்கலாம், ஹெட்லைட் பல்பை 12 ஆக்கியிருக்கலாம். பல்பை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இரண்டு பேட்டரி இருப்பதால் மட்டும் 24 வோல்ட் என்று அர்த்தமில்லை. ஒன்றின் பிளஸ் மற்றதன் மைனஸோடு சேர்ந்திருந்தால் 24. பிளஸோடு பிளஸும், மைனஸோடு மைனஸும் சேர்ந்திருந்தால் அது 12 வோல்ட், கொள்ளளவுதான் இரட்டிப்பு.

பழைய பேட்டரி உண்மையிலேயே போய்விட்டதா என்று தெரிந்துகொள்வது எப்படி?

செல்ஃப் எடுக்கவில்லை என்றால் குற்றவாளி பேட்டரி, கேபிள், எர்த், செல்ஃப் மோட்டார் நான்கில் எதுவாகவும் இருக்கலாம். 500 ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் போதும்.

முதலில் இரண்டு பேட்டரியையும் கழற்றி, தனித்தனியாக 12 வோல்ட் சார்ஜரில் முழு சார்ஜ் போட்டு, ஓர் இரவு சும்மா விடுங்கள். காலையில் வோல்ட் பாருங்கள். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வெயில் நாட்டுக்கென்று ஆசிட் அடர்த்தியைக் குறைத்து விற்கும் பேட்டரிகள் இந்தியாவில் நிறைய. லேபிளில் 1.240 என்று போட்டிருந்தால் முழு சார்ஜில் அதன் வோல்ட் சுமார் 12.5தான் இருக்கும். 1.280 என்று போட்டிருந்தால் 12.7 வரும். வெளிநாட்டு அட்டவணையைப் பார்த்து 12.5ஐ முக்கால் சார்ஜ் என்று நினைத்து நல்ல பேட்டரியைக் கழித்துவிட வேண்டாம்.

மூடி திறக்கும் வகை என்றால் ஆசிட் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்லையும் பாருங்கள். ஐந்து செல் 1.235 காட்டி ஒன்று மட்டும் 1.150 காட்டினால் அந்த செல் போய்விட்டது. அதற்குள் ஆசிட் ஊற்றி அடர்த்தியை ஏற்றுவது வீண் வேலை. ஆறும் ஒரே மாதிரி குறைவாக இருந்தால் சார்ஜ் ஏறவில்லை என்று அர்த்தம், பேட்டரி இன்னும் தேறலாம்.

அடுத்து வண்டியில் பொருத்தி, இன்ஜின் ஸ்டாப் நாபை இழுத்துப் பிடித்துக்கொண்டு 10 நொடி செல்ஃப் அடியுங்கள். டீசல் போகாததால் இன்ஜின் பிடிக்காது. அந்த 10 நொடியில் ஒவ்வொரு பேட்டரியின் முனையிலும் மீட்டரை வைத்துப் பாருங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும் பேட்டரி மாற்ற வேண்டியது. இரண்டும் 10.5க்கு மேலே நின்றும் செல்ஃப் மெதுவாகச் சுற்றினால், பேட்டரியைத் தொடாதீர்கள். மீட்டரின் ஒரு முள்ளை 24 வோல்ட் முடியும் பிளஸ் முனையிலும் மறு முள்ளை செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டிலும் வைத்து மறுபடி செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளிலோ, முனையைப் பிடிக்கும் லக்ஸிலோ, சுவிட்சிலோ கோளாறு. அதேபோல மைனஸ் முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் உடம்புக்கும் நடுவில் பாருங்கள். பழைய ராணுவ வண்டிகளில் எர்த் பட்டை பெயிண்டுக்கு மேல் பெயிண்ட் அடித்து அடித்து இரும்பைத் தொடாமலே நின்றுகொண்டிருக்கும். சுரண்டி, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினால் பல வண்டிகளில் செல்ஃப் வேகம் அங்கேயே திரும்பிவிடும்.

புது பேட்டரி போடும் முன் வண்டியில் என்ன பார்க்க வேண்டும்?

சார்ஜிங். இதைத் தவிர்த்துவிட்டு எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் பலன் இல்லை.

இன்ஜின் ஓடி பத்து நிமிடம் ஆன பிறகு, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் ஏற்றி, எல்லா விளக்கையும் அணைத்து, இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து வோல்ட் பாருங்கள். 27.6 முதல் 28.4 வரை இருந்தால் நமது ஊர் சூட்டுக்குச் சரி. 28.8ஐத் தாண்டினால் ஒவ்வொரு செல்லிலும் 2.4 வோல்ட் தாண்டுகிறது, தண்ணீர் வாயுவாகப் பிரிந்து வெளியேறத் தொடங்கும். வாரா வாரம் டிஸ்டில்டு வாட்டர் குடிக்கிற பேட்டரியின் கதை இதுதான். 27க்குக் கீழே இருந்தால் என்றைக்கும் முழு சார்ஜ் ஏறாது, பிளேட்டில் வெள்ளை சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். முதல் வகை ஆறு மாதத்தில் பேட்டரியைக் காய வைக்கும், இரண்டாவது வகை மெதுவாகக் கொல்லும்.

பிறகு ஹெட்லைட், ஒர்க் லைட், வைப்பர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். 27க்குக் கீழே போகக் கூடாது. மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி அதே இடத்தில் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆல்டர்நேட்டரில் டையோடு போயிருக்கிறது.

பழைய வண்டியில் தனிப் பெட்டியாக இருக்கும் ரெகுலேட்டருக்குத் திருகு இருக்கும், திருப்பினால் வோல்ட் மாறும். முன்பு அதைத் தொட்டவர் எந்த பேட்டரிக்காகத் திருப்பினாரோ தெரியாது. 28ல் நிறுத்தி, பெயிண்டால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள்.

கடைசியாகக் கசிவு. எல்லாம் அணைத்து, மைனஸ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் முனைக்கும் நடுவில் மீட்டரை ஆம்பியரில் வையுங்கள். அந்த நேரத்தில் செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் எரிந்துவிடும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பரவாயில்லை. அரை ஆம்பியர் கசிந்தால் ஒரு நாளைக்கு 12 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரிக் கொள்ளளவின் அளவு) போகும், ஒரு வாரம் நிறுத்திய வண்டி எடுக்காது.

எத்தனை ஏஎச் வாங்க வேண்டும்?

ஆறு சிலிண்டர், ஐந்தாறு லிட்டர் டீசல் இன்ஜினுக்கு 24 வோல்ட்டில் 100 முதல் 130 ஏஎச் வரை உள்ள இரண்டு பேட்டரி தாராளம். 100 ஏஎச் பேட்டரி இரண்டைத் தொடராகக் கோர்த்தால் வோல்ட்தான் கூடும், ஏஎச் 100தான். 200 என்று கணக்குப் போட்டுப் பலர் ஏமாறுகிறார்கள்.

இன்ஜினை அணைத்துவிட்டு ராத்திரி தடி ஏற்றுகிறவர்கள் தனியாகக் கணக்குப் போடுங்கள். 70 வாட் விளக்கு நான்கு என்றால் 280 வாட். அதை 24ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 12 ஆம்பியர். மூன்று மணி நேரத்தில் 35 ஏஎச். 100 ஏஎச் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், மிச்சத்தில் இன்ஜின் எடுக்கும். இதையே தினமும் செய்தால் செல்ஃபுக்கென்று செய்த பேட்டரி நீண்ட நாள் தாங்காது. 18 வாட் எல்இடி ஒர்க் லைட்டுக்கு மாறுவது பெரிய பேட்டரி வாங்குவதைவிட மலிவு.

தேவைக்கு மேல் பெரிய பேட்டரி போடுவதால் வண்டிக்குக் கேடு எதுவும் இல்லை. ஆனால் பழைய ஆல்டர்நேட்டரின் ஆம்பியர் குறைவு. குலசேகரம் முதல் மார்த்தாண்டம் வரை போய் வருகிற குறுகிய ஓட்டத்தில் 180 ஏஎச் பேட்டரி நிறையாது.

என்100, என்120, என்150 என்பதெல்லாம் என்ன? என் டிரேயில் எது உட்காரும்?

இவை ஜப்பானிய முறை அளவுகள். இந்தியாவில் லாரி பேட்டரி பெரும்பாலும் இந்தப் பெட்டிகளில்தான் வருகிறது. நீளம், அகலம், முனையைச் சேர்த்த உயரம் மில்லிமீட்டரில் ஏறத்தாழ இப்படி:

என்70: 306, 173, 225
என்100: 410, 176, 234
என்120: 505, 182, 257
என்150: 508, 222, 257
என்200: 521, 278, 270

லேபிளில் 130இ41எல் என்பது போல இருந்தால் முதல் எண் திறன் வரிசை, இ என்பது அகலம்-உயர வகை, 41 என்பது சென்டிமீட்டரில் நீளம், கடைசி எழுத்து பிளஸ் முனை எந்தப் பக்கம் என்பது. இ41 என்100ன் பெட்டி, எஃப்51 என்120ன் பெட்டி, ஜி51 என்150ன் பெட்டி.

டிரேயை அளக்கும்போது அகலத்தை இரண்டு பேட்டரிக்குச் சேர்த்து அளந்து, நடுவில் 10 மி.மீ. காற்றோட்ட இடைவெளி விடுங்கள். என்120 இரண்டுக்கு 182 பெருக்கல் 2, கூட்டல் 10, ஆக 374 மி.மீ. வேண்டும். என்150 இரண்டுக்கு 454. நீளம் மூன்றே மி.மீ. வித்தியாசம் என்று பார்த்து வாங்கி வந்து, அகலத்தில் 8 செ.மீ. இடிக்கும்போது டிரேயை கேஸ் கட்டரில் அறுக்கிறார்கள். அறுத்த இடத்தில் கிளாம்ப் போல்ட் நிற்காது, குலுங்க ஆரம்பிக்கும்.

உயரத்தை விடாதீர்கள். ராணுவ வண்டியின் பேட்டரிப் பெட்டிக்கு இரும்பு மூடி இருக்கும். மூடிக்கும் முனைக்கும் நடுவில் குறைந்தது 25 மி.மீ. வேண்டும். செம்மண் பாதையில் ஒரு பள்ளத்தில் விழும்போது மூடி வளைந்து பிளஸ் முனையைத் தொட்டால் தீப்பிடிக்கும். மூடியின் உட்புறம் பழைய ரப்பர் ஷீட் ஒன்றை ஒட்டிவிடுங்கள். நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

முனைகளின் இடமும் முக்கியம். என்120லும் அதற்கு மேலும் இரண்டு முனையும் ஒரே குறுகிய பக்கத்தில் வரும். லேபிளில் ஒரே கடைசி எழுத்து (எல் அல்லது ஆர்) உள்ள இரண்டு பேட்டரியை முனைப் பக்கம் ஒரே திசையில் பார்க்கும்படி பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்றின் மைனஸும் மற்றதன் பிளஸும் அடுத்தடுத்து நிற்கும். ஒரு சாண் இணைப்புக் கேபிள் போதும். ஒன்று எல், ஒன்று ஆர் என்று வாங்கிவிட்டால் பிளஸும் பிளஸும் அடுத்தடுத்து வந்து, பழக்க தோஷத்தில் தப்பாக இணைக்க வாய்ப்பு அதிகம்.

லேபிளில் சிசிஏ அதிகமாக இருப்பதைத்தான் வாங்க வேண்டுமா?

சிசிஏ என்பது மைனஸ் 18 டிகிரி குளிரில் செல்ஃபுக்கு எவ்வளவு ஆம்பியர் தர முடியும் என்ற அளவு. கன்னியாகுமரியில் அந்தக் குளிர் எந்தக் காலத்திலும் வரப் போவதில்லை. இங்கே பேட்டரியைக் கொல்வது வெயிலும் இன்ஜின் சூடும். பத்து டிகிரி சூடு கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. ஒரே பெட்டிக்குள் சிசிஏயை ஏற்ற வேண்டுமென்றால் பிளேட்டை மெல்லியதாக்கி எண்ணிக்கையைக் கூட்டுவார்கள். மெல்லிய பிளேட் சூட்டில் சீக்கிரம் அரிக்கும், குலுக்கலில் உதிரும்.

எனவே கனமான பிளேட் உள்ள, கமர்ஷியல் வண்டிக்கென்று விற்கும் ஹெவி டியூட்டி வகை கேளுங்கள். ஒரே அளவுப் பெட்டி, ஒரே ஏஎச் உள்ள இரண்டு கம்பெனி பேட்டரியைத் தராசில் வைத்தால் எடை கூடியதில் ஈயம் அதிகம். விற்பனைப் பேச்சைவிட அந்த எடை நம்பத் தகுந்தது.

ஒன்றை மட்டும் மாற்றலாமா?

கூடாது. தொடராகக் கோர்த்த இரண்டிலும் ஒரே ஆம்பியர்தான் ஓடும். பழையது சீக்கிரம் நிறைந்ததாகக் காட்டி வோல்ட்டை ஏற்றிவிடும், ஆல்டர்நேட்டர் மொத்த 28ஐப் பார்த்து நின்றுவிடும். பழையதற்கு 15, புதியதற்கு 13 என்று பிரிந்தால் பழையது கொதிக்கும், புதியது பட்டினி கிடக்கும். ஆறே மாதத்தில் இரண்டும் போகும்.

ஒரே ஒரு விலக்கு: வாங்கி மூன்று நான்கு மாதத்துக்குள் ஒன்று கம்பெனிக் கோளாறில் போய், வாரண்டியில் அதே மாடல் கிடைத்தால் போடலாம். அப்போதும் இரண்டையும் தனித்தனியே முழு சார்ஜ் போட்டு, ஓர் இரவு கழித்து வோல்ட் வித்தியாசம் 0.1க்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கோர்க்க வேண்டும்.

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி 150 ஏஎச் சும்மா இருக்கிறது. போடலாமா?

வேண்டாம். இன்வெர்ட்டருக்கான டியூபுலர் பேட்டரி குறைந்த ஆம்பியரை நீண்ட நேரம் தரச் செய்யப்பட்டது. செல்ஃப் கேட்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியரை அதனிடம் கேட்டால் வோல்ட் விழுந்துவிடும். உயரமும் அதிகம், மலைப்பாதைச் சரிவில் ஆசிட் சிந்தும், குலுக்கலுக்குத் தோதாக உள்ளே பிடிமானமும் இருக்காது.

தண்ணீர் ஊற்றும் வகையா, சீல் செய்ததா, ஏஜிஎம்மா, லித்தியமா?

ரெகுலேட்டர் பழையதாக உள்ள வண்டிக்குத் தண்ணீர் ஊற்றும் வகையே நல்லது. வோல்ட் கொஞ்சம் ஏறினாலும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக் காப்பாற்றலாம், செல் செல்லாகச் சோதிக்கலாம், எந்தக் கடையிலும் பழுது பார்ப்பார்கள். சார்ஜிங் 28.4க்குள் உறுதியாக நிற்கிறது, வண்டி தினமும் ஓடுகிறது என்றால் சீல் வகை போடலாம். வாராவாரம் மூடி திறந்து பார்க்க ஆள் இல்லாத வண்டிக்கு அதுவே நல்லது.

ஏஜிஎம், அதாவது ஆசிட்டைக் கண்ணாடி இழை விரிப்பில் ஊற வைத்த சீல் வகை, குலுக்கலை நன்றாகத் தாங்கும், சிந்தாது. ஆனால் சூடும் அதிக வோல்ட்டும் சேர்ந்தால் உள்ளே காய்ந்துவிடும், திரும்ப நனைக்க வழியில்லை. சைலன்சருக்குப் பக்கத்தில் பெட்டி உள்ள வண்டிக்கு அது ஒத்துவராது.

இணையத்தில் பார்க்கும் அமெரிக்க ராணுவ லாரி வீடியோக்களில் 6டி என்ற பேட்டரியைச் சொல்வார்கள். அது 12 வோல்ட், 120 ஏஎச், கிட்டத்தட்ட 286க்கு 269 மி.மீ. சதுரப் பெட்டி. அந்த டிரேயும் நம் ஜப்பானிய அளவு பேட்டரியும் பொருந்தாது. இந்திய ராணுவ லாரிக்கு அந்த வீடியோவில் சொல்லும் பேட்டரியைத் தேடி அலைய வேண்டியதில்லை.

லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட் செல்ஃப் இழுக்கும் ஆம்பியரில் சட்டென்று துண்டித்துவிடக்கூடும். ஓடும்போது துண்டித்தால் ஆல்டர்நேட்டர் டையோடு போகும். வேலை வண்டிக்கு இப்போதைக்குத் தேவையில்லை.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

உற்பத்தி மாதக் குறி பேட்டரியின் மேலோ பக்கத்திலோ அச்சடித்திருக்கும். அதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்குள் என்றால் நல்லது. ஆறு மாதம் தாண்டியது என்றால் உங்கள் கண் முன்னால் வோல்ட் பாருங்கள், லேபிள் அடர்த்திக்கு உரிய அளவைவிட 0.2 குறைந்திருந்தால் வேறு கேளுங்கள். இரண்டும் ஒரே மாதக் குறியோடு இருக்க வேண்டும்.

டிரை சார்ஜ் வகை என்றால் கடையில் ஆசிட் ஊற்றித் தருவார்கள். லேபிளில் சொன்ன அடர்த்தி ஆசிட்தானா என்று ஹைட்ரோமீட்டரில் காட்டச் சொல்லுங்கள். ஊற்றியதும் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அரை மணி நேரம் பிளேட் ஊறட்டும், பிறகு ஏஎச்சில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில், அதாவது 100 ஏஎச்சுக்கு 10 ஆம்பியரில், அடர்த்தி ஏறி நிற்கும் வரை சார்ஜ் போட வேண்டும். இதற்கு நேரமில்லை, ஓட ஓட ஏறிவிடும் என்று சொல்கிற கடையில் வாங்காதீர்கள்.

பில்லில் வண்டி எண்ணும் இரண்டு பேட்டரியின் சீரியல் எண்ணும் வேண்டும். வாரண்டி அட்டையில் கமர்ஷியல் வண்டிக்கு எத்தனை மாதம் என்பதைத் தனியாகப் படியுங்கள். காருக்குச் சொல்லும் மாதமும் லாரிக்குச் சொல்லும் மாதமும் ஒன்றாக இருக்காது.

கழற்றி மாட்டும் சரியான வரிசை என்ன?

மோதிரம், வாட்ச், சாவிக்கொத்து எல்லாவற்றையும் முதலில் கழற்றி வையுங்கள். பெரிய பேட்டரி 40 கிலோவைத் தாண்டியும் இருக்கும், இரண்டு ஆள் வேண்டும்.

சேசிஸுக்குப் போகும் மைனஸை முதலில் கழற்றுங்கள். அது கழன்ற பிறகு ஸ்பானர் எங்கே பட்டாலும் பெரிய ஆபத்து இல்லை. பிறகு இணைப்புக் கேபிள், கடைசியில் செல்ஃபுக்குப் போகும் பிளஸ். டிரேயை ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் கழுவுங்கள், நுரை அடங்கும் வரை ஊற்றி, நல்ல தண்ணீரில் அலசிக் காய விடுங்கள். டிரேயின் வடிகால் துளையில் செம்மண்ணும் ரப்பர் சருகும் அடைத்திருக்கும், கம்பியால் குத்தி எடுங்கள். துரு சுரண்டி, ஆசிட் தாங்கும் பெயிண்ட் அடித்து, அடியில் ரப்பர் ஷீட் போடுங்கள்.

மாட்டும்போது தலைகீழ்: பேட்டரியை வைத்து கிளாம்பை இறுக்கி, செல்ஃபின் பிளஸ், இணைப்புக் கேபிள், கடைசியாக சேசிஸ் மைனஸ். மைனஸை மாட்டும் முன் இரண்டுக்கும் சேர்த்து மீட்டரில் 25 வோல்ட்டுக்குச் சற்றுக் கூடுதலாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் ஒரு பேட்டரியை எதிர்த்துக் கோர்த்திருக்கிறீர்கள்.

லக்ஸ் இறங்கவில்லை என்று சுத்தியலால் தட்டுகிற பழக்கத்தை விடுங்கள். முனை உள்ளே பிளேட் பட்டையோடு சேரும் இடத்தில் விரிசல் விட்டு, ஒரு மாதம் கழித்து செல்ஃப் அடிக்கும்போது உள்ளேயே பொறி பறக்கும். அங்கே ஹைட்ரஜன் இருக்கிறது. லக்ஸை ஸ்க்ரூடிரைவரால் விரித்து, கையால் அமுக்கி, முனை லக்ஸின் மேல் மட்டத்துக்கு வந்ததும் இறுக்குங்கள்.

கேபிள் மாற்றுவதானால் 70 சதுர மி.மீ. செப்புக் கம்பி. சந்தையில் செப்பு பூசிய அலுமினியக் கம்பியும் வெல்டிங் கேபிள் என்ற பெயரில் வருகிறது. ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். கடற்கரைக் காற்றில் அது ஒரு மழைக்காலம்கூட நிற்காது.

பாட்டு செட்டுக்கும் மொபைல் சார்ஜருக்கும் ஒரு பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுக்கலாமா?

பேட்டரி ஜோடியைக் கெடுக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. இணைப்புக் கேபிளில் கம்பியைச் செருகி 12 எடுத்தால் எர்த் பக்கத்து பேட்டரி மட்டும் இறங்கும். ஓடும்போது இரண்டுக்கும் ஒரே ஆம்பியர்தான் ஏறும். இறங்கியது நிறைவதற்குள் மற்றது கொதித்துவிடும். ஒரு பேட்டரியில் மட்டும் அடிக்கடி தண்ணீர் குறைகிறது என்றால் முதலில் இந்தக் கம்பியைத் தேடுங்கள்.

24லிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர், 10 ஆம்பியர் அளவில், ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கும். பியூஸ் வைத்து, இரண்டு பேட்டரியின் மொத்த முனையிலிருந்து கொடுங்கள்.

மாஸ்டர் சுவிட்ச் இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது?

இரவில் அணைத்துவிட்டுப் போவது நல்ல பழக்கம். இன்ஜின் ஓடும்போது மட்டும் ஒருநாளும் அணைக்காதீர்கள், வோல்ட் எகிறி ரெகுலேட்டரும் டையோடும் போய்விடும். சுவிட்ச் மைனஸ் பக்கம் இருக்கும் வண்டியில், புதிதாகப் போடும் எந்தப் பொருளின் மைனஸையும் பேட்டரி முனையில் நேராகக் கட்டாதீர்கள். அது சுவிட்சைத் தாண்டிக் கசிய வழி செய்துவிடும்.

வண்டியில் நான்கு பேட்டரிக்கு இடம் இருக்கிறது. நான்கும் போட வேண்டுமா?

நமது வெயிலில் வேண்டாம், இரண்டு போதும். மின்சார வின்ச் வைத்து மரம் இழுக்கிறவர்களுக்கு மட்டும் நான்கு பயன்படும். அப்படிப் போட்டால் நான்கும் ஒரே மாடல், ஒரே மாதக் குறி. இரண்டிரண்டாகத் தொடர் கோர்த்து, அந்த இரண்டு ஜோடியை இணையாகச் சேர்த்து, வண்டிக்குப் போகும் பிளஸை முதல் ஜோடியிலிருந்தும் மைனஸை இரண்டாவது ஜோடியிலிருந்தும் எடுங்கள். அப்போதுதான் இரண்டு ஜோடியும் சமமாக வேலை செய்யும்.

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஓடும் வண்டி. முனைகளில் பச்சையும் வெள்ளையும் பூக்கிறது. என்ன செய்வது?

உப்புக் காற்றும் ஆசிட் ஆவியும் சேர்ந்து செய்யும் வேலை. பூத்த இடம் மின்சாரத்தைத் தடுக்கும், அதுதான் செல்ஃப் திணறுவதற்குக் காரணம். மைனஸைக் கழற்றி, ஆப்ப சோடா தண்ணீரும் பழைய டூத் பிரஷும் கொண்டு கழுவுங்கள், மூடிக்குள் அந்தத் தண்ணீர் போகக் கூடாது. முனையையும் லக்ஸின் உட்புறத்தையும் எமரி ஷீட்டால் பளபளப்பாக்கி, முதலில் இறுக்கி, அதற்குப் பிறகு வெளியே வாஸ்லின் தடவுங்கள். வரிசை மாறி, தடவிவிட்டு இறுக்கினால் நடுவில் ஒரு படலம் நிற்கும்.

பிளஸ் முனையில் மட்டும் திரும்பத் திரும்பப் பூத்தால், முனையின் அடியில் ஆசிட் கசிகிறது அல்லது சார்ஜிங் வோல்ட் அதிகம். மீட்டரை எடுங்கள்.

தென்மேற்குப் பருவத்தில் எஸ்டேட் வேலை நின்று வண்டி இரண்டு மாதம் நிற்கும். பேட்டரியை என்ன செய்வது?

முழு சார்ஜ் போட்டு, மைனஸைக் கழற்றி வையுங்கள். கழற்றாமல் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் இன்ஜின் ஓட்டினால் போதும் என்று நினைக்கிறவர்கள் அதிகம். செல்ஃப் எடுத்த ஆம்பியர் திரும்புமே தவிர, முழு சார்ஜ் ஏறாது. மாதம் ஒருமுறை 12 வோல்ட் சார்ஜரில் ஒவ்வொன்றையும் ஓர் இரவு போடுங்கள். பேட்டரியின் மேல்பரப்பைக் காய்ந்த துணியால் துடையுங்கள், ஈரமும் அழுக்கும் சேர்ந்த படலம் வழியே முனைக்கு முனை கசியும். சிமெண்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பது இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்குப் பொருந்தாது, எங்கேயும் வைக்கலாம்.

தண்ணீர் குறைந்திருந்தால் சார்ஜ் போட்ட பிறகு நிரப்புங்கள். பிளேட் வெளியே தெரிந்தால் மட்டும் முதலில் பிளேட் மூழ்கும் அளவு ஊற்றிவிட்டு சார்ஜ் போடுங்கள். கிணற்றுத் தண்ணீரும், கேனில் வரும் குடிநீரும் ஆகாது.

வழியில் நின்றுவிட்டால் காரிலிருந்து ஜம்ப் எடுக்கலாமா?

12 வோல்ட் காரால் 24 வோல்ட் லாரியை எடுக்க முடியாது. இன்னொரு 24 வோல்ட் லாரி வேண்டும். அந்த வண்டியின் மொத்தப் பிளஸிலிருந்து உங்கள் மொத்தப் பிளஸுக்கு முதல் கேபிள், அதன் மைனஸிலிருந்து உங்கள் இன்ஜின் இரும்புக்கு இரண்டாவது கேபிள். கடைசி இணைப்பில் பொறி வரும், அது பேட்டரியிலிருந்து தள்ளி இருக்கட்டும். ராணுவ வண்டியின் பக்கத்தில் பெரிய இரட்டை முனை சாக்கெட் இருந்தால் அது இதற்காகவே வைத்தது. அதை நம்பும் முன் வீட்டில் வைத்தே அதில் 25 வோல்ட் வருகிறதா, எந்த முனை பிளஸ் என்று மீட்டரில் பார்த்து, பெயிண்டில் எழுதிவிடுங்கள்.

கழித்த பேட்டரியை என்ன செய்வது?

புதிது வாங்கும் கடையிலேயே எடை போட்டுக் கொடுங்கள், பில்லில் கழித்துக்கொள்வார்கள். 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரி முறையான மறுசுழற்சிக்குப் போக வேண்டும். எடைக்காக ஆசிட்டைக் கீழே ஊற்றிவிட்டு வரச் சொல்லும் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். அந்த ஆசிட்டில் ஈயம் கலந்திருக்கிறது, ஊற்றிய இடத்துக் கிணறு கெடும். தூக்கிச் செல்லும்போது மூடிகளை இறுக்கி, நிமிர்த்தி வைத்து, முனைகளில் இன்சுலேஷன் டேப் சுற்றி அனுப்புங்கள்.